வளைந்த பக்கம் வைத்த மரக் கன்சோல் அலமாரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவரோடு ஒட்டி நிற்கும் நீளமான கன்சோல் அலமாரி, இரண்டு ஓரமும் வளைந்து, அந்த வளைவு முழுக்க மெல்லிய ரீப்பர்கள், அதாவது ஒடுக்கமான மரப்பட்டைகள், நிறுத்தியது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் உள்ள எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களும், படம் பார்த்துவிட்டு ஃபோன் செய்கிறவர்களும், மரவேலை பழகுகிற பிள்ளைகளும் இதைப் பற்றி ஒரே மாதிரிச் சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

கணக்கெல்லாம் ஒரே அளவை வைத்துத்தான். பெட்டியின் நீளம் 5 அடி, ஆழம் 12 இஞ்ச், மொத்த உயரம் 34 இஞ்ச். நடுவில் 36 இஞ்சுக்கு இரட்டைக் கதவு. இரண்டு ஓரத்திலும் 12 இஞ்ச் ஆரத்தில் கால்வட்டம். ஒரு இஞ்சுக்கு 8 நூல், ஒரு நூல் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். உங்கள் அளவு வேறாக இருந்தால் எண்கள் மாறும், முறை மாறாது.

1. அண்ணே, இந்த மரத்தை எப்படி வளைக்கிறீங்க? ஆவி கொடுக்கணுமா?

எந்த மரத்தையும் வளைப்பதில்லை. ஒவ்வொரு ரீப்பரும் நேரானது, நேராகவே நிற்கிறது. அவற்றை ஒரு கால்வட்டத்தின் விளிம்பில் வரிசையாக நிறுத்துகிறோம். தள்ளி நின்று பார்க்கும்போது மொத்தமும் வளைந்த பலகை போலத் தெரிகிறது. ஆவி வேண்டாம், வெந்நீர் வேண்டாம்.

இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் பாதி பயம் போய்விடும். வளைவை உண்டாக்குவது உள்ளே இருக்கும் தட்டுகள். உங்கள் கவனமும் நேரமும் அங்கே போகட்டும்.

2. அப்போ உள்ளே என்ன இருக்கு?

நடுவில் சாதாரணச் செவ்வகப் பெட்டி. அதன் இரண்டு பக்கத்திலும் கால்வட்டமாக வெட்டிய 18 மில்லிமீட்டர் பிளைவுட் தட்டுகள், பக்கத்துக்கு நான்கு. கீழே ஒன்று, மேலே ஒன்று, இடையில் சம தூரத்தில் இரண்டு. இடையில் உள்ளவை சாமான் வைக்கிற தட்டாகவும் பயன்படும். ரீப்பரின் உயரம் 30 இஞ்ச் என்பதால், தட்டுகளுக்கு நடுவே 9 முதல் 10 இஞ்ச் கிடைக்கும். அதற்கு மேல் தூரம் விட்டால், அரை இஞ்ச் கன ரீப்பர் நடுவில் கொஞ்சம் வெளியே வளைந்து காட்டும்.

நான்கு தட்டும் ஒரே அளவாக, ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் விரல் நுனியில் படி தட்டாமல் இருக்க வேண்டும். ஒரு தட்டு அரை நூல் வெளியே நீண்டாலும் அந்த இடத்தில் எல்லா ரீப்பரும் தூக்கி நிற்கும். அதை உப்புத்தாள் போட்டுச் சரிக்கட்ட முடியாது.

3. அச்சு எப்படி வரையணும்? அவ்வளவு பெரிய காம்பஸ் எங்க போய் வாங்க?

வாங்க வேண்டாம். ஒரு பட்டிக்கட்டையில் ஒரு முனையில் ஆணி அடியுங்கள். ஆணியிலிருந்து சரியாக 12 இஞ்சில் பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். ஆணியை மூலையில் ஊன்றிச் சுற்றினால் கால்வட்டம் வந்துவிடும். மூலை 90 டிகிரிதானா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்த பிறகு வரையுங்கள். பிளைவுட் ஷீட்டின் மூலை எப்போதும் சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

இந்தக் கால்வட்டத்தை முதலில் 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒன்றே ஒன்று வெட்டுங்கள். அதுதான் அச்சு. கோட்டுக்கு வெளியே ஒரு மயிரிழை விட்டு ஜிக்சாவில் அறுத்து, மீதியை அரத்தாலும் உப்புத்தாளாலும் கோடு வரைக்கும் கொண்டு வாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை விளிம்பில் ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் விரலுக்குத் தெரியும். இந்த ஒரு துண்டுக்கு அரைநாள் போனாலும் போகட்டும், எட்டுத் தட்டும் இதைப் பார்த்துத்தான் பிறக்கப் போகின்றன.

அப்புறம் 18 மில்லிமீட்டர் துண்டுகளைக் கோட்டுக்கு ஒரு நூல் வெளியே அறுத்து, அச்சை மேலே ஸ்குரு போட்டு இறுக்கி, பேரிங் வைத்த பிட்டை ரௌட்டரில் (சுழன்று விளிம்பைச் சீவும் மின்கருவி) மாட்டி ஓட்டுங்கள். பேரிங் அச்சைத் தொட்டு ஓடும், பிட் தட்டை அதே வடிவத்தில் சீவும். ஒரே தடவையில் ஒரு நூலுக்கு மேல் சீவ வேண்டாம், பிளைவுட் விளிம்பு பிய்ந்து வரும்.

4. ஒரு பக்கத்துக்கு எத்தனை ரீப்பர் பிடிக்கும்?

கால்வட்டத்தின் நீளம், ஆரத்தை 1.571 ஆல் பெருக்கினால் வரும். 12 × 1.571 = 18.85 இஞ்ச். ரீப்பர் 6 நூல் அகலம், இடைவெளி 2 நூல், ஆக ஒரு ரீப்பருக்கு 1 இஞ்ச் இடம். 18.85 இஞ்சில் 19 ரீப்பர் நிறுத்தினால் ஒவ்வொன்றுக்கும் 0.99 இஞ்ச் வரும். இடைவெளி 2 நூலைவிட ஒரு துளி குறையும், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பக்கத்துக்கு 19, இரண்டு பக்கமும் 38.

இடைவெளியைத் தட்டின் விளிம்பில்தான் அளக்க வேண்டும், ரீப்பரின் முன்முகத்தில் அல்ல. வட்டம் வெளியே போகப் போக விரிவதால், அரை இஞ்ச் கனமுள்ள ரீப்பரின் முகத்தில் அதே இடைவெளி சுமார் 1 மில்லிமீட்டர் கூடுதலாகத் தெரியும். படத்தில் பார்த்து “இடைவெளி அதிகமா இருக்கே” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

5. ரீப்பரை 2 இஞ்ச் அகலத்துக்கு வச்சா வேலை சீக்கிரம் முடியுமே?

முடியும், ஆனால் வளைவு போய்விடும். நேரான பட்டையை வட்ட விளிம்பில் வைத்தால் ஏதோ ஓர் இடத்தில் சந்து விழுந்தே தீரும். அகலத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் அந்தச் சந்து எவ்வளவு என்று தெரியும். 6 நூல் ரீப்பருக்கு, 12 இஞ்ச் ஆரத்தில், 0.15 மில்லிமீட்டர். பசையே அதை நிரப்பிவிடும். 2 இஞ்ச் பட்டைக்கு 1 மில்லிமீட்டருக்கு மேல். ஒட்டும்போது ஆடும், பார்க்கும்போது தட்டையான முகங்கள் தனித்தனியாகத் தெரியும்.

ஆரம் 6 இஞ்சாகக் குறைந்தால் சந்து இரண்டு மடங்காகும். சின்ன வளைவுக்கு 4 நூல் ரீப்பர் போடுங்கள்.

6. எந்த மரம் நல்லது? தேக்குதான் போடணுமா?

கட்டாயம் இல்லை. தேக்கின் நல்ல குணம் அது குறைவாகச் சுருங்கி விரிவது. இரண்டு பருவமழையும் அடிக்கிற நம் மாவட்டத்தில் வருடத்தில் பாதி நாள் காற்றில் ஈரம் நிற்கிறது. மெல்லிய ரீப்பர் அந்த ஈரத்தை முதலில் குடிக்கும். தேக்கு அதைத் தாங்கி நேராக நிற்கிறது. கையில் பணம் இருந்தால் தேக்கு, அதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

அடுத்தது அயினி. ஆஞ்சிலி என்றும் சொல்வார்கள். வள்ளத்துக்கும் வீட்டு உத்தரத்துக்கும் காலம் காலமாகப் போட்ட மரம், பொன் கலந்த பழுப்பு நிறம், உறுதிக்குக் குறைவே இல்லை. பலா முதலில் மஞ்சளாக இருந்து வெளிச்சம் பட்டுப் பட்டு அழகான பழுப்புக்கு வரும். ஆனால் அயினிக்கும் பலாவுக்கும் நார் ஒரே திசையில் ஓடாது, பின்னிப் பின்னிப் போகும். கதவுச் சட்டத்தில் அது பலம். அரை இஞ்ச் ரீப்பரில் அதுவே முறுக்கு. நார் நேராக ஓடும் பலகையாகப் பார்த்து எடுங்கள். மகாகனி அறுக்கவும் இழைக்கவும் சுகமான மரம், நிறமும் நல்லது. தடியின் வெளிவட்டத்து வெள்ளைப் பகுதியை மட்டும் ஒதுக்கிவிடுங்கள், வண்டு அங்கேதான் ஏறும்.

எந்த மரமானாலும் ஒரு வழக்கத்தை விடாதீர்கள். ரீப்பராக அறுத்ததும் உடனே ஒட்டாமல் சில நாள் நிழலில் அடுக்கி வையுங்கள். பலகைக்குள் பிடித்து வைத்திருந்த இறுக்கம் அறுக்கும்போது விடுபடும். சில ரீப்பர் வில்லாக வளையும், சில முறுக்கும். அவற்றைத் தள்ளிவிட்டு மிச்சத்தை இறுதி அளவுக்கு இழையுங்கள். 38 வேண்டுமென்றால் 45 அறுங்கள்.

7. தேக்குன்னா ரொம்ப செலவாகுமே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரீப்பர் 6 நூல் அகலம், 4 நூல் கனம், 30 இஞ்ச் உயரம். 38 ரீப்பருக்கும் சேர்த்துக் கால் கன அடி. அறுவையில் போகும் தூளும், இழைப்பும், தள்ளிவிடும் துண்டுகளும் சேர்த்தால் அரை கன அடி வாங்கினால் போதும். கண்ணுக்குத் தெரிகிற ரீப்பருக்கு மட்டும் தேக்கு, உள்ளே எல்லாம் பிளைவுட் என்று வைத்தால் அலமாரி முழுவதையும் தேக்கில் செய்யும் செலவு வராது.

மில்லில் மீதம் கிடக்கும் குட்டைத் துண்டுகளையும் கேட்டுப் பாருங்கள். 3 அடி நீளம் இருந்தால் போதும் என்பதால் மற்ற வேலைக்கு உதவாத துண்டு இதற்கு உதவும்.

8. எங்க விளையில வெட்டின ரப்பர் மரம் கெடக்கு. அதுல செய்யலாமா?

குலசேகரம், அருமனை, திருவட்டார் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. செய்யலாம், மரம் மருந்தேற்றப்பட்டதாக இருந்தால். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். பூஞ்சையும் வண்டும் அதைத் தேடி வரும். வெட்டிப் போட்ட சில நாளிலேயே நீலக்கறை ஏறத் தொடங்கும். அதனால் பச்சையாக இருக்கும்போதே அறுத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்துவார்கள். அப்படி வந்த ரப்பர் மரம் வெளிர் நிறத்தில், இழைக்க நன்றாக இருக்கும். ஒரே பிரச்சினை தண்ணீர். தரை கழுவும் இடத்துக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம்.

விளையில் (தோட்டத்தில்) மாதக்கணக்கில் கிடந்த தடிக்கு இனி மருந்து ஏறியும் பயன் இல்லை. ஊசித் துளையும், கீழே மாவு போல உதிர்ந்த தூளும் தெரிந்தால் அது ஏற்கெனவே உளுக்கத் தொடங்கிவிட்டது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் பக்கத்தில் உள்ள நல்ல மரத்தின் வெள்ளைக்கும் பரவும். விறகுக்குக் கொடுத்துவிடுங்கள்.

9. புதுசா அறுத்த பலகை எவ்வளவு நாள் காயணும்?

நாள் கணக்கைவிட ஈரக் கணக்கு முக்கியம். ஈரமானி வைத்திருக்கும் மில்லில் கேட்டால் குத்திப் பார்த்துச் சொல்வார்கள். நம் ஊர்க் காற்றுக்கு 12 முதல் 14 சதவீதம் இருந்தால் வேலைக்கு எடுக்கலாம். அதைவிட அதிகமாக உலர்த்தினால், வீட்டுக்கு வந்தபின் ஈரம் குடித்து விரியும்.

பலகைகளுக்கு நடுவே ஒரே கனமான குறுக்குக் கட்டைகளை நேருக்கு நேர் வைத்து, மழையும் வெயிலும் படாமல், காற்று ஓடும் இடத்தில் அடுக்குங்கள். ரீப்பர் அளவுக்குக் கொஞ்சம் பெரிதாக அறுத்து அடுக்கினால் பலகையைவிடச் சீக்கிரம் காயும்.

10. உள்ளே போடுற பிளைவுட் எது?

ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன், அல்லது ஐ.எஸ். 303-ல் கொதிநீர் தாங்கும் ரகம். வளைவுத் தட்டின் விளிம்பில்தான் பின் எனும் மெல்லிய ஆணியும் பசையும் பிடிக்க வேண்டும். உள்ளே பொந்து இருக்கும் மலிவான ஷீட்டில் அது பிடிக்காது.

11. ரீப்பருக்குப் பின்னாடி மூடணுமா, இல்ல திறந்தே விடலாமா?

என் விருப்பம் திறந்து விடுவதுதான். மழைக்காலத்தில் மூடிய அலமாரியைத் திறந்தால் வரும் பூஞ்சை வாடை நமக்கெல்லாம் தெரியும். செருப்பு, துணி, காகிதம் எது வைத்தாலும் காற்று வேண்டும். இதற்கு நம் கண்ணெதிரே பெரிய பாடம் இருக்கிறது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த பத்மநாபபுரத்தின் அரண்மனைக்குள் போய், மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மரச்சட்டங்களின் இடைவெளி வழியாகக் காற்று வருகிறது, வெயில் உடைந்து வருகிறது, அறை குளிர்ந்தே இருக்கிறது. ஒவ்வொரு சட்டமும் யோசித்து வைத்தது. மரவேலை பழகுகிற பிள்ளைகளை நான் முதலில் அங்கேதான் போகச் சொல்கிறேன்.

உள்ளே இருப்பது தெரியுமே என்று கேட்பார்கள். ரீப்பரின் கனம் 4 நூல், இடைவெளி 2 நூல். ஆகவே உங்களை நேராகப் பார்த்திருக்கும் சில இடைவெளிகள் மட்டும் உள்ளே காட்டும். சாய்வாக இருப்பவை மூடியது போலத் தெரியும். உட்புறத் தட்டுகளுக்கும் முதுகுக்கும் கறுத்த நிறம் அடித்துவிட்டால் அதுவும் குறையும்.

பல்லி, கரப்பான், தூசு மூன்றும் வேண்டாம் என்றால், ரீப்பர் நிறுத்துவதற்கு முன் தட்டுகளின் விளிம்பில் கறுப்பு நிறக் கொசுவலையை இழுத்து ஒட்டிவிடுங்கள். தட்டின் விளிம்பில் படும் பகுதியில் மட்டும் வலையை வெட்டி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பசை மரத்தோடு மரம் சேராது. பாத்திரம், சாமி சாமான், ஃபைல் வைக்கிறவர்கள் பலகை போட்டு மூடுவதே நல்லது.

12. மூடணும்னா அந்தப் பலகை வளையணுமே?

ஆமாம், இங்கே மட்டும் வளைப்பு வருகிறது. வளைவதற்கென்றே செய்த பிளெக்ஸி பிளைவுட் கிடைத்தால் எளிது. கிடைக்காவிட்டால் 4 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு தகடு. முதல் தகட்டைத் தட்டுகளில் பசையும் பின்னும் வைத்து ஒட்டி, அதன் மேல் முழுக்கப் பசை தடவி இரண்டாவதை ஒட்டுங்கள். காய்ந்தபின் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளைவு நிலைத்துவிடும். முன்பே கையால் மெதுவாக வளைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தப் பக்கமாகத் துண்டை வெட்டுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த இரண்டு தகடும் சேர்ந்து 8 மில்லிமீட்டர். ஆகவே மூடுவது என்று முடிவு செய்தால், அச்சை 12 இஞ்சுக்குப் பதில் 8 மில்லிமீட்டர் குறைத்து வரைய வேண்டும். அப்போதுதான் தகட்டின் வெளிமுகம் 12 இஞ்சில் நிற்கும், 4-ஆம் கேள்வியின் கணக்கு அப்படியே பொருந்தும்.

13. என்கிட்ட ரௌட்டர் இல்ல சார். கைக்கருவி மட்டும் வச்சு முடியுமா?

முடியும். ரீப்பரை மில்லிலேயே அளவுக்கு அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள், இழைப்பு உங்கள் கையில் இருக்கட்டும். தட்டுகளை ஜிக்சாவிலோ சின்ன வாளிலோ கோட்டுக்கு வெளியே அறுத்து, நான்கையும் ஒன்றாக அடுக்கி இறுக்கி, ஒரே கட்டாக வைத்து அரம் போடுங்கள். நான்கும் ஒன்றாகவே தேய்வதால் அளவு தானாக ஒத்துப்போகும். நேரம்தான் கூடும்.

14. வளைவுல கிளாம்ப் நிக்க மாட்டேங்குது. எப்படி இறுக்க?

பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிப் பட்டையாக்குங்கள். மேல்தட்டு, நடுத்தட்டு, அடித்தட்டு இருக்கும் உயரங்களில் ஒவ்வொரு பட்டையை இழுத்துச் சுற்றிக் கட்டினால், ரப்பர் எல்லா ரீப்பரையும் உள்நோக்கி ஒரே சீராக அழுத்தும். இதைவிட நல்ல கிளாம்பை நான் வளைவுக்குப் பார்த்ததில்லை.

ஐந்து ஐந்து ரீப்பராக ஒட்டுங்கள். ரீப்பரின் முதுகில் தட்டு தொடும் நான்கு இடத்தில் மட்டும் பசை. தண்ணீர் தாங்கும் ரகப் பசையாகப் பாருங்கள், பெவிகால் மரைன் போல. தலையில்லாத மெல்லிய பின் ஒவ்வொரு தட்டிலும் ஒன்று அடித்தால் பசை காயும்வரை நழுவாது. துளையை அதே மரத்தின் தூளும் பசையும் குழைத்து மூடலாம். வெளியே பிதுங்கும் பசையை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், காய்ந்தால் அந்த இடத்தில் பாலிஷ் பிடிக்காது.

15. கடைசி ரீப்பர் வரும்போது இடம் பத்தல, இல்லேன்னா மிஞ்சுது. ஏன்?

ஒவ்வொரு இடைவெளியிலும் அரை மில்லிமீட்டர் பிசகினால் 19-ஆவது ரீப்பரில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் ஆகிவிடும். இடைவெளிக் கட்டை வைத்து ஒன்றிலிருந்து கடைசிவரை ஓட்டிக்கொண்டே போவதால் வரும் சிக்கல் இது. ஒட்டுவதற்கு முன்பே ஒரு காகிதப் பட்டையைத் தட்டின் விளிம்பில் சுற்றி, நீளத்தை வெட்டி, தரையில் விரித்து 19 சம பாகமாகக் குறித்து, திரும்பச் சுற்றி நான்கு தட்டிலும் குறியிடுங்கள். கட்டை உதவிக்கு, குறிதான் அதிகாரி.

கதவுப் பக்கத்திலிருந்து தொடங்கிச் சுவரைப் பார்த்துப் போங்கள். பார்வை விழும் இடம் முன்பக்கம். ஏதாவது பிசகு மிஞ்சினாலும் கடைசி ஐந்து ரீப்பரில் பங்கிட்டுவிடலாம். ஐந்துக்கு ஒரு முறை தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். ரீப்பர் சாய்வது இடைவெளி பிசகுவதைவிடக் கண்ணை உறுத்தும்.

16. பாலிஷ் ஒட்டினப்புறமா, முன்னாடியா?

முன்னால். 2 நூல் இடைவெளிக்குள் உப்புத்தாளும் போகாது, பிரஷும் ஒழுங்காகப் போகாது. ஒவ்வொரு ரீப்பரையும் 120, 180, 220 எண் உப்புத்தாளால் வரிசையாகத் தேய்த்து, விளிம்புகளை லேசாக உருட்டி, முகத்துக்கும் இரண்டு பக்கத்துக்கும் சீலரும் (மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) முதல் கோட்டும் கொடுத்துவிடுங்கள். முதுகில் தட்டு தொடும் இடங்களை மட்டும் வெறுமனே விடுங்கள், பசை வெறும் மரத்தில்தான் பிடிக்கும். கடைசிக் கோட்டை எல்லாம் நிறுத்திய பிறகு மொத்தமாக அடிக்கலாம்.

ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். மரத்தூள் நிறைந்த பட்டறையில் அதன் பலன் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. துணியைத் தனித்தனியாக விரித்து வெளியே காயப் போடுங்கள்.

17. மழை நேரத்துல அடிச்ச பாலிஷ் வெள்ளையா பூத்துப்போச்சு. மரம் கெட்டுப்போச்சா?

மரம் கெடவில்லை. பாலிஷில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அது அங்கே பனியாகப் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது, வெண்மை அதனால் வருகிறது. லேசாக இருந்தால் வெயில் நாளில் மெதுவாக ஆவியாகும் தின்னரை மெல்லியதாகப் பூசினால் படலம் இளகி, மாட்டிய ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும். கனமாகப் பூத்திருந்தால் தேய்த்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டும்.

நமக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு மழை. அலமாரி அவசரமில்லை என்றால் பாலிஷ் வேலையை ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் வையுங்கள். அவசரம் என்றால் மழை விட்ட நாளில், வெயில் ஏறிய பிறகு தொடங்கி மதியத்தோடு நிறுத்துங்கள்.

18. எங்க வீடு கொளச்சல்ல, கடல் பக்கம். ஏதாவது மாத்தணுமா?

இரும்பு எல்லாவற்றையும் மாற்றுங்கள். கீல், ஸ்குரு, பின் மூன்றும் எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) ஆக இருக்கட்டும். உப்புக்காற்றில் சாதாரணப் பின் துருப்பிடித்தால், அதன் கறுப்புக் கறை ரீப்பரின் முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். பிளைவுட்டின் வெட்டிய விளிம்புகள், அடித்தட்டின் கீழ்ப்பக்கம், முதுகின் சுவர்ப்பக்கம் இவற்றுக்கும் சீலர் அடியுங்கள். வெளியே தெரியாத இடம் என்று விட்டால் ஈரம் அங்கே நுழையும்.

கடலோரமோ மலையோரமோ, எல்லா வீட்டுக்கும் பொருந்துவது ஒன்று: ரீப்பரைத் தரையோடு நிறுத்தாதீர்கள். 3 இஞ்ச் அடிப்பீடம் வைத்து, அதை 2 இஞ்ச் உள்ளே தள்ளுங்கள். தரை துடைக்கும் தண்ணீர் மரத்தைத் தொடாது, கரையான் ஏறினாலும் கண்ணில் படும்.

19. மேல் பலகையை அப்படியே ஒட்டிடலாமா?

பிளைவுட் என்றால் ஒட்டலாம். கட்டி மரம் என்றால் கூடாது. ஓர் அடிக்குமேல் அகலமுள்ள பலகை மழைக்கும் கோடைக்கும் நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். ஒட்டி இறுக்கினால் வெடிக்கும். பின்பக்கம் ஸ்குருவை இறுக்கமாகவும், முன்பக்கத்தில் ஸ்குருவுக்கு முன்பின்னாக நீண்ட துளை போட்டும் கீழேயிருந்து மாட்டுங்கள். பலகை முன்பக்கமாக அசைய இடம் கிடைக்கும்.

மேல் பலகையின் வளைவு வேறு ஆரம். தட்டு 12, ரீப்பர் அரை, வெளியே நீட்டல் கால், ஆக 12¾ இஞ்ச். 3-ஆம் கேள்வியில் சொன்ன பட்டிக்கட்டையிலேயே இன்னொரு ஓட்டை போட்டால் போதும்.

20. இடைவெளியே இல்லாம நெருக்கமா நிறுத்தினா எப்படி இருக்கும்?

12 இஞ்ச் ஆரத்தில் 6 நூல் ரீப்பர் 25 பிடிக்கும். விளிம்புகளை நேராகவே விட்டால், பின்னால் ஒட்டி நிற்கும், முன்னால் கால் நூல் அளவுக்குப் பிளவு தெரியும். பலருக்கு அந்தக் கோடே பிடித்திருக்கிறது. முழுக்க மூட வேண்டுமென்றால் ஒவ்வொரு விளிம்பையும் 1.8 டிகிரி சரிவாக, முதுகுப் பக்கம் குறுகும்படி இழைக்க வேண்டும். அதற்கு டேபிள் ரம்பத்தின் தகட்டைச் சாய்த்து எல்லாவற்றையும் ஒரே அமைப்பில் ஓட்டுங்கள். அப்படியும் மழைக்காலத்தில் அவை விரிந்து ஒன்றையொன்று தள்ளும். இடைவெளி விடுவதே மரத்துக்கு நல்லது என்பேன்.

21. வளைஞ்ச பக்கத்தையும் கதவா திறக்க முடியுமா?

முடியும். நடுத் தட்டுகளைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, அவற்றுக்கு வெளியே 2 இஞ்ச் அகல வளைவுப் பட்டைகள் மூன்று செய்து, ரீப்பர்களை அவற்றில் ஒட்டினால் வளைந்த கதவு கிடைக்கும். தட்டுகளை அந்தப் பட்டையின் அகலத்தோடு ஒரு நூல் கூடுதலாகச் சேர்த்து உள்ளே வாங்க வேண்டும்.

கீலை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம். முன்பக்கம் வைத்தால் வளைந்த கதவு திறந்து நடுக் கதவை மறைக்கும். சுவர்ப்பக்கம் வைப்பதே சரி. அங்கே வைத்தால் 90 டிகிரி வரைதான் திறக்கும், அதற்குமேல் வளைவின் வயிறு சுவரில் முட்டும். திறக்கும்போது பக்கத்தில் ஓர் அடிச் சுவரும் அதற்கு முன்னால் ஓர் அடி இடமும் காலியாக வேண்டும். மூலையில் இடுக்கி வைக்கப்போகும் அலமாரி என்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

22. நடுக் கதவைத் தள்ளினா வளைவுக்குள்ள ஓடி மறையுற மாதிரி செய்யலாமா?

செய்யலாம், அழகான வேலை. கதவை ஒரே பலகையாகச் செய்யாமல், ரீப்பர்களைக் கனத்த காடாத் துணியில் நெருக்கமாக ஒட்ட வேண்டும். துணிக்கு மட்டும் பசை, ரீப்பருக்கும் ரீப்பருக்கும் நடுவில் ஒரு சொட்டும் போகக்கூடாது. ஒவ்வொரு ரீப்பரின் இரு முனையையும் 2 நூல் கனத்துக்குக் குறைத்து, மேலும் கீழும் தோண்டிய காடியில் (நீளப் பள்ளம்) ஓட விடுங்கள். காடி 7 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் தாராளமாக ஓடும். மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் இன்னும் எளிது. காடியைப் பெட்டி பூட்டுவதற்கு முன்பே, மேலும் கீழும் ஒரே அச்சை வைத்துத் தோண்ட வேண்டும். இரண்டும் அரை மில்லிமீட்டர் விலகினாலும் கதவு பாதி வழியில் பிடிக்கும்.

காடி, நிற்கும் ரீப்பர்களுக்கு உள்ளே 11 இஞ்ச் ஆரத்தில் போகும் என்று வையுங்கள். அந்தக் கால்வட்டத்தின் நீளம் 17.3 இஞ்ச். ஒரு பக்கக் கதவு 18 இஞ்ச். ஆகவே முழுக்க மறையாது, முக்கால் இஞ்ச் வெளியே நிற்கும். அந்த முக்கால் இஞ்சைக் கைப்பிடிக் கட்டையாக வைத்துவிடுங்கள், சரியாகப் பொருந்தும். வளைவுக்குள் இருக்கும் தட்டுகள் காடிக்கு உள்ளே, 10 இஞ்ச் ஆரத்தில் நிற்க வேண்டும். வெளியே நிற்கும் ரீப்பர்களுக்கு மேலும் கீழும் மட்டுமே பிடிப்பு இருக்கும் என்பதால், அவற்றின் கனத்தை 6 நூலுக்குக் கூட்டுங்கள். காடியின் பின்முனையைச் சுவர்ப்பக்கம் திறந்தே விடுங்கள். பிற்பாடு துணி கிழிந்தால் கதவை அந்த வழியாக உருவி எடுத்து மாற்றலாம்.